தட்டுகள் நடக்கட்டும்

1

இந்தக் கதை கதையாகப் பிறக்கவில்லை, துண்டறிக்கையாகப் பிறந்தது. நான்கு பக்கம், ஐந்நூறு படிகள், தடித்த எழுத்தில் தலைப்பு: ‘மணி அடிக்கும் அநீதி’. நானே எழுதி, நான் மெய்ப்புத் திருத்தும் அச்சகத்திலேயே அச்சேற்றி, பல்கலைக்கழக உயிரியல் துறையின் வாயிலில் நின்று நானே வழங்கினேன். அதில் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. கருத்துப்பிழை ஒன்று இருந்தது. அதைத் திருத்தித் தந்தவர்களுக்கு நன்றி சொல்லவே இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முப்பது ஆண்டுகளாக மேடை ஏறி வருகிறேன். எந்தக் கூட்டத்திலும் நன்றியுரை கடைசியில்தான் வரும். அதற்குள் பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். நாற்காலி மடக்கும் ஓசையில் நன்றி பெற வேண்டியவரின் பெயர் யார் காதிலும் விழாது. எனவே இம்முறை நன்றியுரையை முதலிலேயே வைத்துவிட்டேன். நாற்காலிகளை மடக்காதீர்கள், அவையோரே. இது நாற்காலியைப் பற்றிய கதையும்கூட.

நன்றிக்குரியவர்கள் மூவர்: என் அக்காள் மகள் (உயிரியல் மூன்றாம் ஆண்டு மாணவி); அந்தத் துறையின் ஆய்வக உதவியாளர் (மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் ‘ஃபார்மலின் அண்ணன்’*); துறைத்தலைவர் அம்மையார்.

* மாதிரிகளைக் கெடாமல் வைக்கும் திரவம் ஃபார்மலின். அதன் வாடை அவர் சட்டையை விட்டு என்றுமே போனதில்லை. பட்டப்பெயரை வைத்தவர்கள் பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள். பெயர் மட்டும் தங்கிவிட்டது.

2

முதல் தொடக்கம் (அடித்துவிட்டேன், ஆனாலும் தெரியட்டும்):

“தடைகளைத் தகர்க்கவும் தடங்களைப் பதிக்கவும் பிறந்த தளிர் ஒன்று தன் தளராத கால்களால்—”

இந்த இடத்தில் அக்காள் மகள் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள்.

“சித்தி, என் கால் தளர்ந்த கால்தான். பொறந்ததுலேர்ந்து அப்படித்தான். நீங்க எழுதினா சரியாயிடுமா?”

“உவமைடி அது.”

“உவமைக்கு என் கால்தான் கிடைச்சுதா? உங்க மூட்டு வலியை எழுதுங்களேன்.”

இரண்டாம் தொடக்கம்: “அந்த அறையில் இருபது மேசைகள் இருந்தன.” இதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் இதிலேயே தொடங்குகிறேன்.

அந்த அறையில் இருபது மேசைகள் இருந்தன. சுவரை ஒட்டி மூன்று பக்கமும் அலமாரிகள். அவற்றுள் கண்ணாடி ஜாடிகளில் வெளிறிய உயிர்கள். நடுவில் கைகழுவும் தொட்டி, அதைச் சுற்றிக்கொண்டுதான் ஆறாம் மேசையிலிருந்து ஏழாம் மேசைக்குப் போக வேண்டும். கதவருகே ஒரு முக்காலி, அதன் மேல் பித்தளை மணி.

மாணவர்கள் ‘ஸ்பாட்டர்’ என்று சொல்லும் செய்முறைத் தேர்வு இது. ஒவ்வொரு மேசையிலும் ஒரு மாதிரி இருக்கும்: ஒரு நாடாப்புழு, ஓர் இலையின் குறுக்குவெட்டு, ஒரு மீனின் இதயம். இருபது மாணவர்கள் இருபது மேசைகளில் நிற்பார்கள். ஒரு நிமிடத்தில் மாதிரியை அடையாளம் கண்டு, வரிசை எண் அச்சிட்ட தாளில் எழுத வேண்டும். மணி அடிக்கும், அடுத்த மேசைக்கு நகர வேண்டும். இருபதாம் மேசையில் மட்டும் ஒன்றும் இராது. அதற்கு ஓய்வு மேசை என்று பெயர். அங்கே எவரும் ஓய்வெடுத்ததாக வரலாறு இல்லை. விட்டுப்போனதை எழுதுவார்கள், அல்லது கூரையைப் பார்த்து மூச்சு விடுவார்கள்.

அக்காள் மகளுக்கு இடக்கால் வலக்காலைவிட இரண்டு விரற்கடை குட்டை. தடித்த அடி வைத்த செருப்பு போட்டு நடப்பாள். ஒரு மேசையிலிருந்து அடுத்ததற்குப் போக அவளுக்கு இருபது விநாடி ஆகும். மற்றவர்களுக்கு அறுபது விநாடித் தேர்வு, அவளுக்கு நாற்பது. இது எந்த விதிப்புத்தகத்திலும் எழுதப்படாத விதி. எழுதியிருந்தால் யாராவது எதிர்த்திருப்பார்கள்.

முதல் முறை, பாதிக் கேள்விகளை முடிக்காமல் தோற்றாள். இரண்டாம் முறை நடந்ததுதான் கொடுமை. தொட்டியைச் சுற்றி ஏழாம் மேசைக்கு அவள் போய்ச் சேர்வதற்குள் பின்னால் வந்தவன் பொறுமையிழந்து அவளைத் தாண்டி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டான். அவன் முதுகுக்குப் பின்னால் நின்றாள், மணி அடித்தது. பதற்றத்தில் எட்டாம் மாதிரியின் விடையை ஏழாம் வரியில் எழுதினாள். ஒன்பதாவது எட்டில் விழுந்தது, பத்தாவது ஒன்பதில். கடைசியில் ஒரு வரி கூடுதலாக மிஞ்சியபோதுதான் புரிந்தது. அதற்குள் தாள் கைமாறிவிட்டது.

“எல்லாம் ஒண்ணு தள்ளி எழுதிட்டேன்னு சொன்னா யாரு சித்தி நம்புவாங்க? ஃபெயிலான எல்லாரும் ஏதோ ஒண்ணு சொல்வாங்க” என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாம் முறையும் தவறினால் படிப்பிலிருந்து பெயர் நீக்கப்படும். இது விதிப்புத்தகத்திலேயே எழுதப்பட்ட விதி.

3

என் துண்டறிக்கை எரிமலையாக வெடித்தது என்று எழுத ஆசை. உண்மையில் அது உடனடியாக வென்றது. ‘தனி அறை வழங்குக! கூடுதல் நேரம் வழங்குக!’ என்ற இரு கோரிக்கைகளையும் துறைத்தலைவர் ஒரே வாரத்தில் ஏற்றுக் கையெழுத்திட்டார். அந்தக் கடிதத்தை வெற்றிக்கொடிபோல் ஏந்தி அக்காள் வீட்டுக்குப் போனேன்.

அக்காள் மகள் வாசித்தாள். மடித்தாள். மேசைமேல் வைத்தாள்.

“சித்தி, இதைக் கேக்கறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டீங்களா?”

“உனக்காகத்தானே—”

“எனக்காகத்தான். என்னைக் கேட்டீங்களா?”

அக்காள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, “அவ சின்ன வயசுலேர்ந்தே யாரையும் கேக்க மாட்டா. மைக் இருந்தா போதும்” என்றாள். உடன்பிறந்தவளின் சான்றிதழ்.

“அந்தத் தனி ரூம் எதுன்னு தெரியுமா?” என்றாள் மகள். “ஸ்டோர் ரூம். பழைய நாற்காலி, உடைஞ்ச எலும்புக்கூடு. அந்த நாடாப்புழு ஜாடி துறையில ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அது கிளாஸ்ல இருக்கற நேரம் எனக்கு அதோட போட்டோவைக் குடுப்பாங்களாம். எல்லாரும் மீனைப் பார்ப்பாங்க, நான் மீன் போட்டோவைப் பார்க்கணும். மூணு வருஷம் அந்த ரூம்ல படிச்சேன் சித்தி. பரீட்சைக்கு மட்டும் எலும்புக்கூடு கூடவா?”

(இங்கே நான் ஒரு நீண்ட மறுமொழி சொன்னேன். ஒன்றரைப் பக்கம் வருகிறது. வெட்டிவிட்டேன். அதன் சாரம்: எனக்குப் பதில் தெரியவில்லை.)

ஒதுக்கிவைத்தலை எதிர்த்து ஆயிரம் மேடைகளில் முழங்கியவள், கௌரவமான ஓர் ஒதுக்கலைக் கோரிக்கையாக எழுதி, அதற்கு ஆச்சரியக்குறியும் போட்டிருந்தேன்.

4

இப்போது ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குள்ள ஐயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

முதல் வரைவில் ஃபார்மலின் அண்ணனை ஒரு மௌனத் தியாகியாக வடித்திருந்தேன். “பதினோரு ஆண்டுகளாக மணியடித்த அந்தக் கரங்கள் ஒவ்வொரு அடியிலும் உள்ளுக்குள் அழுதன” என்ற வாக்கியம் அதில் உண்டு. மரியாதைக்காக அவரிடமே படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது.

“அம்மா, நான் அழவே இல்லம்மா. எனக்கு எரிச்சல்தான் வந்துச்சு.”

“எதற்கு?”

“மணி அடிச்சதும் இருபது பிள்ளைங்க ஒரே நேரத்துல நகருது. ஒண்ணு மேசையில இடிக்குது, ஒண்ணு பையை மாட்டி இழுக்குது. ஒவ்வொரு பரீட்சைக்கும் ஒரு ஜாடி போயிடுது. தரை பூரா ஃபார்மலின். கண்ணு எரிய எரிய நான்தான் துடைக்கணும். இதுங்க ஏன் ஒரு இடத்துல உக்காராதுன்னு நினைப்பேன். அவ்வளவுதான்.”

“அப்படியென்றால் அந்தப் பெண்ணுக்காக நீங்கள் யோசிக்கவில்லையா?”

“உங்க நோட்டீசைப் படிச்சப்புறம்தான் யோசிச்சேன். தனி ரூம்னு போட்டிருந்தீங்க. போட்டோ போக மீதி ஜாடியெல்லாம் அங்க தூக்கிட்டு நான்தானே ஓடணும்? ஜாடி எப்படியும் நடக்கப்போவுது. அப்புறம் எதுக்குத் தனி ரூம்? எல்லாரும் உக்காரட்டும். தட்டுல வெச்சு ஜாடியைக் கைமாத்தி விடலாம். பிள்ளைங்க நடந்தா ஜாடி உடையுது. ஜாடி நடந்தா பிள்ளைங்க உடையாது.”

அவையோரே, முப்பதாண்டு முழக்கத்தில் இப்படியொரு வரி என் நாவில் வந்ததில்லை. துடைப்பத்தில் சாய்ந்தபடி, கண்ணெரிச்சலைப் பற்றிப் பேசுகிற போக்கில் அவர் அதைச் சொல்லிவிட்டார். அந்தத் தியாகி வாக்கியத்தை அங்கேயே கிழித்தேன். அவரை நல்லவராகக் காட்ட நான் மெனக்கெட்டது வீண்; சரியாகப் பார்த்தவர் என்று எழுதினால் போதும்.

5

துறைத்தலைவரை வில்லியாக்கும் வாய்ப்பும் கைவசம் இருந்தது. “குறுகிய கண்கள்” என்றுகூடத் தொடங்கினேன். அவர் கண்கள் குறுகியவையல்ல. தடித்த கண்ணாடிக்குப் பின்னால் சிறியனவாகத் தெரிந்தன. கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான், தட்டு யோசனையோடு போன எங்கள் மூவரையும் கேட்டார்.

“ஜாடி சரி. ஸ்லைடை என்ன பண்றது? மைக்ரோஸ்கோப்பைக் கைமாத்தினா ஃபோகஸ் போயிடும். எந்த செல்லைக் கேக்கறோம்னே தெரியாது.”

“மேடம், மைக்ரோஸ்கோப் ஒவ்வொரு சீட்லயும் ஏற்கெனவே இருக்கு” என்றாள் அக்காள் மகள். “ஸ்லைடு மட்டும் நடக்கட்டும். கேக்கற இடத்தைச் சுத்தி மையில ஒரு வட்டம் போட்டுட்டா நாங்களே ஃபோகஸ் பண்ணிப்போம். அதுவும் ஒரு தேர்வுதானே?”

“ஒரு நிமிஷம் பத்தாது.”

“அப்போ எல்லாருக்கும் ரெண்டு நிமிஷம் குடுங்க. எனக்கு மட்டும் வேணாம்.”

துறைத்தலைவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, “பேசிட்டே இருந்தா ஆகாது. சனிக்கிழமை மதியம் ஒத்திகை பார்ப்போம். ஆசிரியர்கள் எல்லாரும் வரணும். நானும் உக்கார்றேன்” என்றார்.

6

அந்தச் சனிக்கிழமையை நான் கண்ணால் கண்டேன். பின்சுவரோரம் நிற்க இடம் தந்தார்கள், வாயைத் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு.

துறைத்தலைவரோடு சேர்த்துப் பத்து ஆசிரியர்கள் மாணவர் இருக்கைகளில் அமர்ந்தார்கள். பத்துத் தட்டுகள், பழைய விடைத்தாள், பழைய மணி. மணி அடித்தது, தட்டுகள் கைமாறின. இரண்டாம் மணிவரை ஊர்வலம்போல் ஒழுங்கு. மூன்றாம் மணியில் தாவரவியல் ஆசிரியர் தன் தட்டை விட மறுத்தார்.

“ஒரு செகண்ட் சார், இதை நான் கிளாஸ்லயே நடத்தியிருக்கேன்...”

“நடத்தினவருக்கே தெரியலன்னா பிள்ளைங்களுக்கு எப்படி சார் தெரியும்? தட்டை விடுங்க” என்று பக்கத்திலிருந்தவர் இழுத்தார்.

தட்டுகள் முட்டி நின்றன. அடுத்து அமர்ந்திருந்த துறைத்தலைவருக்கு ஒரு தட்டு வரவேயில்லை, அதற்கடுத்தது வந்தது. அவர் எழுதிக்கொண்டே போனார்.

முடிந்ததும் ஃபார்மலின் அண்ணன் விடைக்குறிப்போடு தாள்களை ஒப்பிட்டார். துறைத்தலைவரின் தாளைப் பார்த்தவர் அதை அடியில் செருகப் பார்த்தார்.

“என்னோடதை ஏன் மறைக்கறீங்க?”

“மேடம்... மூணு.”

“எது மூணு?”

“மார்க்கு, மேடம்.”

தாவரவியல் ஆசிரியர் சன்னலுக்கு வெளியே எதையோ ஆழ்ந்து ஆராயத் தொடங்கினார். துறைத்தலைவர் தாளை வாங்கினார். விரலை வரி வரியாக இறக்கினார். நான்காம் வரியிலிருந்து எல்லா விடையும் சரி. எல்லாமே ஒரு வரி தள்ளி.

“எனக்கு இதெல்லாம் தெரியும்” என்றார், ஒரு மாணவியின் குரலில்.

ஃபார்மலின் அண்ணன் துணியில் கையைத் துடைத்தார். துடைத்த கையை மறுபடியும் துடைத்தார். “மேடம், அந்தப் பொண்ணோட பேப்பரும் போன தடவை இப்படித்தான் இருந்துச்சு. ஏழுலேர்ந்து.”

“ஏன் அப்பவே சொல்லல?”

“அப்போ என்னை யாரும் கேக்கல மேடம்.”

‘கேட்கவில்லை’ என்ற வார்த்தையை ஒரே மாதத்தில் இரண்டாம் முறை கேட்கிறேன். முதல் முறை அது என் மேல் விழுந்தது.

துறைத்தலைவர் அலமாரியைத் திறந்து பழைய தாள்கட்டை எடுக்கச் சொன்னார். அக்காள் மகளின் தாளைத் தன் தாளின் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். நான் ஒரு புரட்சிகரமான அறிவிப்பை எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு.

“இதோட மார்க்கை இனிமே மாத்த முடியாது. முடிவு வெளியாகிடுச்சு, விதி விடாது. அதுக்காக நான் வருத்தப்படறேன்னு அவகிட்ட நானே சொல்லுவேன். ஆனா இந்தத் தாளை மாத்தலாம். வரிசை எண்ணை யாரு அச்சடிக்கச் சொன்னா? தட்டு மேல எண்ணை ஒட்டுங்க. முன்னாடி இருக்கற எண்ணைப் பிள்ளைங்களே எழுதட்டும், பக்கத்துல விடை. எது முன்னாடி வந்தா என்ன, எது பின்னாடி வந்தா என்ன?”

திங்கட்கிழமை அவர் அக்காள் மகளை அறைக்கு அழைத்து, எழுந்து நின்று வருத்தம் சொன்னாராம். எழுந்து நின்றார் என்பதை அவள் இரண்டு முறை சொன்னாள்.

7

நேரம் பழைய ஒரு நிமிடமே; நடப்பதில் போகும் விநாடிகள் மிஞ்சியதால் அதுவே எல்லாருக்கும் போதும் என்று ஒத்திகையில் முடிவானது. புதிய முறை அறிவிக்கப்பட்டபோது மாணவர்களிடையே கலகம் வெடித்தது. (கடைசியில் எனக்குப் பழக்கமான களம்!) கலகத்தின் காரணத்தைக் கேளுங்கள்: “அப்போ ஓய்வு மேசை என்ன ஆகும்?”

“காலித் தட்டைக்கூடவா சுத்த விடணும்?” என்று ஃபார்மலின் அண்ணன் தலையில் கைவைத்தார். விட்டுத்தான் ஆக வேண்டும் என்றார்கள் ஒருமித்த குரலில். கலகம் வென்றது. இருபதாம் எண் ஒட்டிய ஒரு வெற்றுத் தட்டு சுற்றில் சேர்ந்தது.

தேர்வு நாளன்று நான் தாழ்வாரத்தில் நின்றேன். கதவு மூடியிருந்தது. மணி ஓசை கேட்டது. அதன்பின் ஒரு புதிய ஓசை: தட்டுகள் கைமாறும் மெல்லிய உரசல், யாரோ “மெதுவா” என்பது, யாரோ “வாங்கிட்டேன்” என்பது. காலடி ஓசை இல்லை. ஏதும் உடையவும் இல்லை.

வெளியே வந்த மாணவர்களில் ஒருத்தி என்னிடம் நின்றாள். எனக்கு முன்பின் தெரியாதவள். “நீங்கதான் அந்த நோட்டீஸ் சித்தியா? எனக்கு நின்னுட்டே எழுதினா கை நடுங்கும். யாருகிட்டயும் சொன்னதில்ல. இன்னிக்கு நடுங்கல. தேங்க்ஸ்” என்றாள். அந்த நன்றிக்கு நான் உரியவளல்ல என்று சொல்வதற்குள் போய்விட்டாள். அதை உரியவரிடம் சேர்ப்பதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கதை.

8

இனி முடிவு. மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு: அவள் இருபதுக்குப் பத்தொன்பது மதிப்பெண்—

“தப்பு. காலித் தட்டுக்கு மார்க் கிடையாது சித்தி, மொத்தமே பத்தொன்பதுதான். முழு மார்க்கா போட்டிருக்கீங்க? கொஞ்சமாவது கூச்சம் வேணாமா?”

இரண்டாம் முடிவு: ஒரே ஒரு மதிப்பெண் குறைந்து அவள் தவறுகிறாள், ஆனால் அவள் திறந்த வழியில் அடுத்த தலைமுறை—

“ஐயோ, என்னைச் சிலையா நிக்க வெச்சிட்டீங்க. மேல காக்கா வேற உக்காரும்.”

மூன்றாம் முடிவு: மதிப்பெண்ணைச் சொல்லாமல் விடுவது. இதைப் படித்தபோது மட்டும் அவள் கேலி செய்யவில்லை.

“இதையே வைங்க. நான் பாஸானாத்தான் இது நியாயம்னு ஆயிடக்கூடாது. ஃபெயிலானா பழைய முறையே சரின்னும் ஆயிடக்கூடாது. என்னை ஃபெயிலாகவும் விடுங்க சித்தி. ஆனா தெரியாததுக்கு ஃபெயிலாகணும். நடக்கறதுக்கு இல்ல.”

“படிக்கிறவர்கள் என்னைத் திட்டுவார்கள். இவ்வளவு தூரம் கூட்டி வந்துவிட்டு...”

“அப்போ இதை எழுதுங்க. பதினாலாம் தட்டு வந்துச்சு. ஏதோ ஒரு விதை, நெடுக்குவெட்டு. எனக்குத் தெரியல. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சுத்தமாத் தெரியல.”

“அடடா.”

“அடடா இல்ல சித்தி. ஒரு முழு நிமிஷம் பார்த்தேன். அறுபது செகண்டும் என்னோடது. அந்தப் பரீட்சையில முதல் தடவையா ஒண்ணு எனக்கு நிஜமாவே தெரியாம இருந்துச்சு. பக்கத்துல இருந்தவனுக்கும் அவன் தட்டுல இருந்தது தெரியல, அவனும் என்னை மாதிரியே முழிச்சான். ரெண்டு பேரும் சேர்ந்து முழிச்சோம். எவ்ளோ நல்லா இருந்துச்சு தெரியுமா?”

எழுதிவிட்டேன். உரிமை, சமத்துவம் என்று நான் முப்பதாண்டு முழங்கிய சொற்களுக்கு இப்படியொரு பொருள் இருப்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

20

(இடையிலுள்ள எண்களைத் தேடாதீர்கள். இந்தத் தாளில் வரிசை எண் அச்சிடுவதில்லை; முன்னால் வந்த தட்டின் எண்ணை எழுதுகிறேன்.)

இந்தத் தட்டில் ஒன்றுமில்லை. வேண்டுமானால் அவளுடைய மதிப்பெண்ணை நீங்களே இங்கே எழுதிக்கொள்ளலாம். எழுதாமல் கூரையைப் பார்த்து மூச்சும் விடலாம். பெரும்பாலோர் அதைத்தான் செய்வார்கள். முழு நிமிடமும் உங்களுடையது.

மணி அடித்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள். மேசைமேல் தள்ளாமல் கையில் கொடுங்கள். ஃபார்மலின் அண்ணன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் இருப்பவர் “வாங்கிட்டேன்” என்று சொல்லும்வரை விரலை எடுக்காதீர்கள்.